பர்ன் செய்த சிடிகளை எப்படி அடுக்குவது: வேக வரிசையா, எண் வரிசையா?

சுழல்தட்டு:
டிஜேக்கள் பாட்டுகளை வேகம் மாற்றி ஒன்றோடொன்று சேர்த்து ஒலிக்கவிடும் சிடி பிளேயரான பயனியர் சிடிஜே-1000 ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். 2001-இல் வந்த முதல் மாடல். யுஎஸ்பி இல்லை, எம்பி3-யும் படிக்காது, ஆடியோ சிடி மட்டும்தான். அதனால் பாட்டுகளை சிடி-ஆரில் பர்ன் செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சிடிக்கும் ஒரு வேக எல்லை வைத்திருக்கிறேன். 120 முதல் 124 பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகக் கணக்கு) வரை ஒன்று, 125 முதல் 128 வரை இன்னொன்று, டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான நடன இசை வகை தனி. சிடியின் மேல் வேகத்தைப் பெரிதாக எழுதிவிடுவேன். அடுத்த பாட்டுக்காக வாலட் (சிடிகளைச் செருகி வைக்கும் உறைகள் கொண்ட பை) முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை. இதைவிட எளிதான முறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கருந்தகடு:
இந்த அடுக்கு மிக்ஸிங்குக்கே, அதாவது ஓடும் பாட்டோடு அடுத்த பாட்டை வேகம் பொருத்திச் சேர்ப்பதற்கே, எதிரானது, நண்பரே. 126-இல் ஓடும் பாட்டை 127-இல் உள்ள பாட்டோடுதான் சேர்க்கப் போகிறீர்கள். இரண்டும் ஒரே சிடியில் இருந்தால்? அந்த சிடி இடது டெக்கில் (பிளேயரில்) சுழன்றுகொண்டிருக்கும்போது வலது டெக்கில் எதைப் போடுவீர்கள்? நன்றாகச் சேரக்கூடிய பாட்டுகளையெல்லாம் தேடிப்பிடித்து ஒன்றோடொன்று சேரவே முடியாத இடத்தில் பூட்டி வைக்கிறீர்கள்.

இன்னொன்று. சிடி-ஆரை எழுதி முடித்து ஃபைனலைஸ் செய்துவிட்டால் அதில் எதையும் சேர்க்கவோ எடுக்கவோ முடியாது. 125-128 சிடி நிறைந்த பிறகு வாங்கும் 126 பாட்டு எங்கே போகும்? "125-128 இரண்டாவது", "125-128 மூன்றாவது" என்று வளர்ந்துகொண்டே போகும், கடைசியில் எதில் எது என்று மறுபடியும் புரட்டத்தான் வேண்டும்.

நான் வாங்கிய வரிசையிலேயே பர்ன் செய்கிறேன். 001, 002 என்று எண், அது ஒருபோதும் மாறாது. 80 நிமிட சிடியில் நீளமான கிளப் வெர்ஷன்கள் 12 அல்லது 13 அடங்கும். வேகம், வகை, சுருதி எல்லாம் கணினியில் ஒரு பட்டியலாக இருக்கிறது. அதை எப்படி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தி அச்சிட்டு எடுத்துப் போகலாம். சிடியை அடுக்குவது வேறு, தகவலை அடுக்குவது வேறு. முதலாவதை மாற்ற முடியாது என்பதால் அதில் எந்த அர்த்தத்தையும் ஏற்றக் கூடாது.

ஸ்கார்பரோ செல்வி:
கருந்தகடு அண்ணா, கிளப்பில் இரவு முழுக்க ஒரே வகை வாசிப்பவருக்கு உங்கள் முறை சரி. நான் டொராண்டோவில் கல்யாண வரவேற்புகளுக்கு வாசிக்கிறவள். மணமக்கள் உள்ளே வருவது, சாப்பாட்டு நேரம், தளத்தில் ஆட்டம் என்று இரவு துண்டு துண்டாக இருக்கும். ஆட்டம் நடுவில் மணப்பெண்ணின் சித்தப்பா வந்து எண்பதுகளின் பாட்டு ஒன்று கேட்பார். ஓடிக்கொண்டிருக்கும் சினிமாப் பாட்டு நாலு நிமிடம், அதில் பாதி ஏற்கெனவே போயிருக்கும். அந்த நேரத்தில் அச்சிட்ட பட்டியலில் பெயரைத் தேடி, எண்ணைப் பார்த்து, வாலட்டில் 047-ஐத் தேடி எடுப்பதென்றால் இரண்டு தேடல். எனக்கு ஒரு தேடல்தான் வேண்டும். 047 என்ற எண் என் தலையில் எந்தப் பாட்டையும் எழுப்பாது. "வரவேற்பு", "சாப்பாடு", "குத்து", "எண்பதுகள்" என்று பிரித்தால் கை தானாகப் போகும்.

சுழல்தட்டு:
ஒரே சிடியில் மாட்டிக்கொள்வதற்கு என் பதில்: ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. இடது டெக்குக்கு ஒரு வாலட், வலது டெக்குக்கு ஒரு வாலட், இரண்டிலும் அதே சிடிகள் அதே வரிசையில். ஒரு பிரதியில் கீறல் விழுந்தால் இன்னொன்று இருக்கிறது. அப்போது எந்தப் பாட்டோடும் எந்தப் பாட்டையும் சேர்க்கலாம். வெற்று சிடியின் விலைக்கு இது பெரிய செலவே இல்லை.

கருந்தகடு:
இரண்டு பிரதி இருந்தால் என் முதல் ஆட்சேபம் தீர்ந்தது. எண் முறையில் இருப்பவர்களும் அதைச் செய்ய வேண்டும், நானும் செய்கிறேன். இரண்டாவது ஆட்சேபம் அப்படியேதான் நிற்கிறது. செல்வி சொல்லும் "குத்து" சிடியும் ஒருநாள் நிறையும்.

அதோடு, வேகம் என்பதே நீங்கள் நினைக்கிற அளவு உறுதியானது அல்ல. கணினியில் செய்த ஹவுஸ் வகை நடனப் பாட்டு முதலிலிருந்து கடைசிவரை 126-தான். ஆனால் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவான பழைய சினிமாப் பாட்டில் பல்லவி ஒரு வேகம், சரணம் கொஞ்சம் வேறு வேகம். அதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? அப்படிப்பட்ட பாட்டுக்கு நான் தொடக்க வேகம், முடியும் வேகம் என்று இரண்டு எண் எழுதுகிறேன். உள்ளே கொண்டுவரும்போது முதல் எண் உதவும், வெளியே எடுக்கும்போது இரண்டாவது.

பேஸ்லைன்:
வேகத்தை எழுதவே வேண்டுமா? டெக்கிலேயே பிபிஎம் காட்டுகிறதே.

ஸ்கார்பரோ செல்வி:
சிடியை உள்ளே தள்ளிய பிறகுதானே காட்டும், தம்பி. எதைத் தள்ளுவது என்று முடிவு செய்யத்தான் எழுதுகிறோம். அதுவும் 85-ஆ 170-ஆ என்று டெக் சில நேரம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ எண்ணிவிடும். காதால் எண்ணி எழுதியது நம்பகமானது.

பேஸ்லைன்:
சரி. அப்போது சுருதியையும் எழுதுவேன். சுருதியை எண்ணும் எழுத்துமாகக் காட்டும் கேம்லாட் குறியீடு எளிது: 8ஏ என்றால் ஏ மைனர், அதோடு 7ஏ, 9ஏ, 8பி சேரும்.

கருந்தகடு:
எழுதுங்கள், ஆனால் அது பிட்ச் (வேகத்தை மாற்றும் நெம்புகோல்) பூஜ்யத்தில் உள்ளபோது மட்டும் உண்மை. வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் வைக்கும் மாஸ்டர் டெம்போவைப் போடாமல் வேகத்தை ஏறக்குறைய 6 சதவீதம் ஏற்றினால் சுருதி அரைப்படி ஏறிவிடும். 8ஏ அப்போது 3ஏ ஆகிவிடுகிறது. லேபிளை நம்பி 9ஏ பாட்டைச் சேர்த்தால் காது கூசும். ஒன்றிரண்டு சதவீதத்துக்குப் பரவாயில்லை.

சுழல்தட்டு:
எதில் எழுதுவது? கணினியில் அழகாக அச்சிட்டு வட்ட ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

கருந்தகடு:
ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். உங்கள் டெக் சிடியை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை. ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பினால் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் சற்றே தள்ளி ஒட்டினாலும் சுழலும்போது சமநிலை போகும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்பக் கழகம் 2003-இல் வெளியிட்ட சிடி பராமரிப்பு வழிகாட்டியும் ஒட்டும் லேபிள்களைத் தவிர்க்கவே சொல்கிறது.

பலருக்கும் தெரியாத விஷயம், சிடியில் பலவீனமான பக்கம் நாம் பேனாவால் எழுதும் மேல் பக்கம்தான். லேசர் படிக்கும் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் பாலிகார்பனேட் இருக்கிறது, சின்னக் கீறலைத் தாங்கும். மேல் பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சு, அதன் கீழே உடனே உலோகப் படலமும் சாயமும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் பாட்டின் மேலேயே எழுதுவது போலத்தான். தண்ணீர் சார்ந்த மை உள்ள, மென்மையான நுனி கொண்ட சிடி மார்க்கர் வாங்குங்கள். எண்ணை மட்டும் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள, ஒளி ஊடுருவும் வளையத்தில் எழுதுங்கள், அங்கே தரவு எதுவும் இல்லை. பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதி வாலட்டில் சிடிக்குப் பக்கத்து உறையில் செருகிவிடலாம்.

ஸ்கார்பரோ செல்வி:
பக்கத்து உறைத் தாள் நல்ல யோசனை, அதை எடுத்துக்கொள்கிறேன். தாளைக் கிழித்து வேறு எழுதலாம், சிடியை அப்படி முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணா, எண் வரிசையில் வாலட்டை அடுக்க மாட்டேன். வளையத்தில் உங்கள் எண் இருக்கட்டும், வாலட்டில் இடம் மட்டும் நிகழ்ச்சியின் ஓட்டப்படி. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முதல் நாள் உட்கார்ந்து மாற்றி அடுக்குவேன்.

கருந்தகடு:
நிகழ்ச்சி முடிந்ததும் எண் வரிசைக்குத் திரும்ப அடுக்கினால் எனக்குப் பிரச்சினை இல்லை. திரும்ப அடுக்காவிட்டால் மூன்றாவது கல்யாணத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகும்.

ஸ்கார்பரோ செல்வி:
திரும்ப அடுக்க மாட்டேன். அடுத்த கல்யாணமும் வரவேற்பில்தான் தொடங்கும்.

பேஸ்லைன்:
வகைக்கு ஒரு நிறத்தில் எழுதலாமா? ஹவுஸ் நீலம், குத்து சிவப்பு என்று.

ஸ்கார்பரோ செல்வி:
சிவப்பு மட்டும் வேண்டாம், தம்பி. மேடையில் சிவப்பு விளக்கு போட்டால் வெள்ளைத் தாளில் சிவப்பு எழுத்து காணாமல் போய்விடும். எழுத்தெல்லாம் கறுப்பில் இருக்கட்டும். வகையைப் பிரிக்க தாளின் மூலையை வெவ்வேறு வடிவில் வெட்டிவிடுங்கள், எந்த விளக்கிலும் தெரியும்.