துறைமுக கேமில் மதங்களை எப்படி வைப்பது?

மாடிவீடு (ராயபுரம்):

நாங்கள் மூன்று பேர், வேலை முடிந்த பிறகு என் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு ஸ்ட்ராட்டஜி கேம் செய்கிறோம். 1639 முதல் 1800 வரையிலான சென்னப்பட்டினம்: துணி, படகு, கிடங்கு, கோட்டைக்காரர்களோடு பேரம். மதம் இல்லாமல் இந்த ஊரே இல்லை, அதனால் ஒவ்வொரு மதத்துக்கும் இரண்டு எண் வைத்தேன், வணிகம் ஒன்று, கலகம் ஒன்று.

போன ஞாயிறு மண்ணடி நண்பன் விளையாடிப் பார்க்க வந்தான். இஸ்லாம் என்ற வரியில் ‘கலகம் +3’ என்று இருந்தது. வணிகத்தில் அதிகம் கொடுத்ததைச் சமன் செய்ய எப்போதோ நான் போட்டது, போட்டதே மறந்துவிட்டது. அவன் அந்த வரியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தான், அப்புறம் போனைக் குப்புற வைத்துவிட்டு டீயை எடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

எல்லா மதத்துக்கும் ஒரே எண் போட்டுவிடலாமா? சிவிலைசேஷன் 4 என்ற கேமில் அப்படித்தான், ஏழு மதம், ஏழுக்கும் ஒரே பலன். யாருக்கும் மனக்கஷ்டம் வராது. ஆனால் எங்கள் ஏரியாவில் அங்காளம்மன் கோயிலும் ராயப்பர் கோயிலும் பார்சிகளின் அக்கினிக் கோயிலும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன, மூன்றும் ஒன்று என்று என் கேம் சொன்னால் அதுவும் பொய்தானே?

பெரம்பூர் பழையவன்:

தம்பி, முதலில் அந்தக் கலக எண்ணை எடுத்துவிடுங்கள், மற்றது அப்புறம். வரலாறும் அதற்குத் துணை நிற்காது. அந்தக் காலத்தில் இந்த ஊரைப் புரட்டிப்போட்டவை வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதிக் கூட்டங்களின் சண்டைகள். 1707-இல், தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது, எந்தத் தெரு யாருக்கு என்பதில் பற்றிக்கொண்டு ஒரு சாரார் ஊரைவிட்டே சாந்தோமுக்குப் போய்விட்டார்கள்.

ஒரே எண் என்பதும் தப்பித்துக்கொள்கிற வழிதான். 2012-இல் சிவிலைசேஷன் 5-க்கு விரிவாக்கமாக வந்த காட்ஸ் அண்ட் கிங்ஸில் மதத்தின் பெயர் மட்டும் நிஜம், நம்பிக்கைகளை விளையாடுபவரே பொறுக்கிக்கொள்ளலாம், அப்படியானால் பெயர் வெறும் ஸ்டிக்கர். க்ரூசேடர் கிங்ஸ் 3 பரவாயில்லை, ஒரு மதம் இன்னொன்றை எப்படிப் பார்க்கிறது என்பது அங்கே இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டியதில்லை.

என் கருத்து, எண்ணை மனிதர்கள்மேல் ஒட்டாதீர்கள், மதம் எப்படி நடக்கிறது என்பதில் வேறுபாட்டைக் காட்டுங்கள். பல கேம்களில் எல்லா மதத்துக்கும் ஊர் ஊராய்ப் போய் ஆள் சேர்க்கும் யூனிட் ஒன்று உண்டு. பார்சிகள் மரபாக வெளியாரைச் சேர்ப்பதே இல்லை. ஆர்மேனியர்களும் இங்கே வணிகத்துக்குத்தான் வந்தார்கள், அவர்களில் ஒருவரான கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் கட்டினார், பரங்கிமலைக்குப் படி கட்டினார். ‘பரவும் வேகம்’ என்று எண் வைத்தால் இவர்களுக்குப் பூஜ்யம்தான் வரும், ஆனால் இவர்களால் ஊர் மாறியது.

ஒற்றியூர்க்காரி:

கோயில் கட்டினால் ‘மகிழ்ச்சி +2’ என்று வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 90 ஆடோ 96 ஆடோ விடுவார்கள். சாவா மூவாப் பேராடு என்பார்கள், சாகிற ஆட்டுக்குக் குட்டி ஈடாகிவிடும், கணக்கு குறையாது. ஆட்டை வைத்திருப்பவர் தினமும் நெய் அளக்கவேண்டும். ஒரு விளக்குக்குப் பின்னால் மந்தை, மேய்ச்சல், ஒப்பந்தம், தலைமுறை என்று எவ்வளவு இருக்கிறது பாருங்கள். உங்கள் காலம் பிந்தியதுதான், இருந்தாலும் கோயில் என்பது சொத்தும் கணக்கும் உள்ள இடம் என்பது மாறவில்லை. இப்போது ஹைகோர்ட் இருக்கும் பக்கத்தில் இருந்த சென்னகேசவர் கோயிலை ஆங்கிலேயர் இடித்தபிறகு பூக்கடையில் மறுபடி கட்டினார்களே, அதையும் வையுங்கள்.

மண்ணடி:

மச்சான், டீ குடித்தவன் நான்தான். கோபம் இல்லை. நீ போட்டது என்று தெரிந்ததும் வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு நல்ல எண் போடு என்று கேட்கவில்லை. காலண்டர் வை. எங்கள் வருடம் ஏறக்குறைய 354 நாள், ரமலான் வருடா வருடம் 10, 11 நாள் முன்னால் நகரும், 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். உன் கேம் 160 வருடம் ஓடுகிறது. சில வருடம் நோன்பு சித்திரை வெயிலில் வரும், கிடங்கில் மூட்டை தூக்குகிறவர் பகல் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார்; இன்னும் கொஞ்ச வருடத்தில் ஐப்பசி மழையில் வரும், அப்போது கப்பலே இந்தக் கரையில் நிற்காது, வேலையும் இருக்காது. மாசி மகம் மாசியைவிட்டு நகராது. ஈஸ்டர் மார்ச் ஏப்ரலுக்குள் ஆடும். விளையாடுகிறவன் இதையெல்லாம் பார்த்துச் சரக்கு இறக்கத் திட்டம் போட்டால், என் வாப்பா வருடத்தை எப்படி எண்ணுவார் என்று அவனுக்குப் புரியும்.

மாடிவீடு (ராயபுரம்):

எடுத்துவிட்டேன்டா, நேற்று ராத்திரியே. அந்த வரிசையே இப்போது ஷீட்டில் இல்லை. காலண்டர் வேலையை நீயும் வந்து உட்கார்ந்தால் செய்வோம்.

இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. எங்கள் ஷீட்டில் ஒரு குடும்பத்துக்கு மதம் என்று ஒரே கட்டம். எதிர்வீட்டு ஆயா வெள்ளிக்கிழமை அங்காளம்மனுக்கு எலுமிச்சை விளக்கு போடுவார், செவ்வாய் அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி, பேரனுக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிவாசல் வாசலில் நின்று தொழுது வருகிறவர்களிடம் ஓதி வாங்குவார். இவருக்கு எந்தக் கட்டம்? ஒரே கட்டத்தை உடைத்தால் கணக்கு முழுவதையும் திரும்ப எழுதவேண்டும், உடைக்கத்தான் போகிறோம். இப்படி ஒரு குடும்பத்தை யாராவது கேமில் எழுதியிருந்தால், எப்படிச் சேமித்து வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.