ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்: கைக்கணக்காய் ஒரு நிரூபணம் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். 1912இல் நம் பக்கத்துத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜன், தமக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் உடைய எண்களை 1915ஆம் ஆண்டுக் கட்டுரையில் பட்டியலிட்டார். அதில் 293318625600 விடுபட்டுவிட்டது.

இந்த எண் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 5040 வகுத்திகள். பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள், எனக்கு அவ்வளவு பெருமை!

"இதைவிடச் சின்ன எண்ணுக்கு 5040 வகுத்திகள் இருக்காது என்று எப்படி உறுதியாகச் சொல்வது, சார்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கணினி சொல்கிறது என்று மழுப்ப எனக்கு மனமில்லை. பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு ஏறாது என்பதுவரை விளக்கிவிட்டேன். மீதியைக் கரும்பலகையிலேயே முடிக்கும் வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது.