நண்பர்கள் முன்னால் மனைவி ‘எடோ’ என்கிறாள், போன மரியாதை திரும்ப வருமா?

லோயர்கேம்ப்33:

அண்ணன் தம்பிகளே, எனக்கு 33 வயது. சொந்த ஊர் கம்பம், இப்போது குடியிருப்பது லோயர் கேம்ப். ஒரு ஜீப் வைத்திருக்கிறேன். விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். காய் எடுப்பு இருக்கிற மாதங்களில் கையில் காசு நிற்கும், கோடையில் வாசலில் வண்டி நிற்கும். மனைவி வண்டிப்பெரியாறு பக்கம், தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் படித்ததெல்லாம் மலையாளத்தில். தேக்கடியில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை, மாதம் 17,000. நான் பத்தாவது, அவள் டிகிரி. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வருத்தம் அவள் பேச்சில்தான். வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், சரி என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு டீக்கடையில் நாலு நண்பர்களோடு நிற்கிறேன், பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்து “எடோ, சாவி கொடு” என்கிறாள். ஒருத்தன் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். அன்றிலிருந்து வாட்ஸப் குரூப்பில் என் பெயரே எடோதான். அம்மா வேறு, “புருஷனை வந்தான் போனான்னு பேசுறா, இதைக் கேக்கத்தான் உன்னைப் பெத்தேனா” என்று தினமும்.

பதினோரு நாளாக அவளிடம் பேசவில்லை. நான் குடிப்பதில்லை, ஒரு நாளும் கை நீட்டியதில்லை, வீட்டுக் கணக்கு மொத்தமும் நானே பார்க்கிறேன், அவள் சம்பளக் கார்டுகூட என்னிடம்தான் இருக்கிறது, ஜீப் டியூ அதிலிருந்துதான் போகிறது, அவளுக்கு ஒரு தலைவலியும் வைக்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு எடோவா? சண்டை வேண்டாம், வழி சொல்லுங்கள்.

தேனிக்காரன்:

மாப்ள, முதல் தடவையே கண்டித்திருக்க வேண்டும், விட்டுவிட்டாய். என் வீட்டில் நான் உள்ளே நுழைந்தால் டிவி சத்தம் குறையும். 22 வருஷமாக இப்படித்தான்.

பீருமேட்டுக்காரி:

தேனி அண்ணே, நீங்கள் வெளியே போனதும் அந்தச் சத்தம் எவ்வளவு கூடுகிறது என்று ஒரு நாள் தெருமுனையில் நின்று கேட்டுப் பாருங்கள்.

தம்பி, நான் உங்கள் மனைவி ஊர்ப்பக்கம்தான், நானும் மலையாளத்தில் படித்தவள். முதலில் அந்த ‘எடோ’. அது ‘எடா’ இல்லை. தனக்குச் சமமான ஆளை, கொஞ்சம் நெருக்கமாகக் கூப்பிடுவது. கூடப் படித்தவர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், பல வீடுகளில் புருஷன் பெண்டாட்டி எல்லாரும் சொல்வதுதான். பிடிக்காத ஆளிடம் அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

அடுத்தது உங்கள் அம்மாவின் வந்தான் போனான். மலையாளத்தில் வினைச்சொல்லுக்கு மரியாதை வாலே கிடையாது. அவன் வந்நு, அவர் வந்நு, அவள் வந்நு, எல்லாருக்கும் ஒரே வந்நுதான். தமிழில்தான் கடைசியில் ஓர் ‘ஆர்’ போட வேண்டும். பன்னிரண்டு வருஷம் அந்த வால் இல்லாமல் எழுதிப் பழகிய வாய்க்குச் சட்டென்று சரியான வால் அகப்படாது. எனக்கே மாமியாரிடம் எத்தனை தடவை சறுக்கியிருக்கிறது தெரியுமா. 1956-ல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு போயின, நாங்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தோம், பிள்ளைகளின் பள்ளிக்கூட மொழிதான் பல வீடுகளில் மாறிப்போனது. நண்பர்கள் முன்னால் கூச்சமாக இருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்வாள். அதற்குப் பதினோரு நாள் மௌனம் எதற்கு?

எனக்கு உறுத்துவது வேறு. இவ்வளவு நீளமாக எழுதிவிட்டு, நடுவில் ஒரே வரியில், அதுவும் பெருமையாக, அவள் சம்பளக் கார்டு உங்களிடம் என்கிறீர்கள். அவள் கொடுத்தாளா, நீங்கள் வாங்கிக்கொண்டீர்களா? பஸ்ஸுக்கு, ஒரு சுடிதாருக்கு அவள் யாரிடம் கேட்க வேண்டும்?

கொழுந்துக்கூடை:

அண்ணே, நான் மூணாறு. அக்கா கேட்ட அதே இடத்தில்தான் நானும் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

2015-ல் எனக்கு 19 வயது. அப்பா, அம்மா இரண்டு பேரும் ஒரே எஸ்டேட், அம்மாவுக்குக் கொழுந்து, அப்பாவுக்கு ஃபேக்டரி. சம்பளம் வாங்கினால் அம்மா எண்ணிக்கூடப் பார்க்காமல் அப்படியே அப்பா கையில் கொடுப்பார். அப்பா அதிலிருந்து வெற்றிலைக்கு என்று ஐம்பது ரூபாய் திருப்பிக் கொடுப்பார். எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், நான் பார்த்த வீடுகளில் அப்படித்தான், யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. அப்பா நல்ல மனுஷன், யூனியனில் ஏதோ பொறுப்பு வேறு, நாலு பேர் எழுந்து நிற்பார்கள்.

அந்த வருஷம் போனஸைப் பத்து சதவீதமாகக் குறைத்தார்கள். நாள் கூலி 232 ரூபாய். செப்டம்பரில் பெண்கள் ஆயிரக்கணக்கில் டவுனுக்கு வந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பொம்பிளை ஒருமை என்று பேப்பரில் வந்ததே, அதுதான். யூனியன் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. ஒன்பது நாள். 20 சதவீதம் கிடைத்த பிறகுதான் எழுந்தார்கள்.

முதல் நாள் அப்பா, “யாரைக் கேட்டு எந்திரிச்சுப் போனா” என்று லயமே கேட்கக் கத்தினார். இரண்டாம் நாள் பன் தின்றார். நாலாம் நாள் தூக்குச்சட்டியில் கஞ்சியும் சுட்ட கருவாடும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். “ஆம்பளைங்க அங்கிட்டு நில்லுங்க” என்று ஓர் அக்கா கையைக் காட்டினார். யூனியன்காரர், தூக்குச்சட்டியோடு ரோட்டோரம் ஒரு மணி நேரம் நின்றார். அம்மா வந்து மூடியைத் திறந்து பார்த்து, “உப்பு போட்டீங்களா?” என்றார். வேறு பேச்சு இல்லை.

அடுத்த சம்பளத்தை அம்மா கொடுக்கவில்லை. அப்பா கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகுதான் அம்மா அப்பாவிடம் ஊர்க்கதை பேச ஆரம்பித்தார், சமயத்தில் கிண்டலும் உண்டு. அதுவரை ‘ம்’, ‘சரிங்க’ மட்டும்தான். நாங்கள் அதைத்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கேஷ்_கவுண்டர்:

பேங்கில் வேலை பார்ப்பவன், சுருக்கமாகச் சொல்கிறேன். பெங்களூரில் ஒரு பெண் பிரசவ விடுப்பில் இருந்தபோது கார்டையும் பின் நம்பரையும் கணவரிடம் கொடுத்து 25,000 எடுக்கச் சொன்னார். மெஷினில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. வழக்குப் போட்டார்கள். பின் நம்பரை இன்னொருவரிடம் கொடுத்ததே தவறு, அவர் கணவரே ஆனாலும், என்று 2018-ல் நுகர்வோர் மன்றம் தள்ளிவிட்டது. இன்னொன்று, மனைவியின் சம்பளத்தை அவர் கைக்கு வராமல் பிடித்து வைப்பது 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறைக் கணக்கில் வரும். கை நீட்டவில்லை என்பது மட்டும் போதாது தம்பி. டியூவை உங்கள் கணக்கிலிருந்து போகிற மாதிரி மாற்றுங்கள், பத்து நிமிஷ வேலை.

லோயர்கேம்ப்33:

முதலில் கோபம்தான் வந்தது, அதனால்தான் நாலு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. வன்முறை என்ற வார்த்தை வண்டி ஓட்டும்போதெல்லாம் கூடவே வந்தது. அக்கா கேட்டதற்குப் பதில்: அவளாகத்தான் கொடுத்தாள், கல்யாணமான மறுமாதம், நான் இரண்டு தடவை கேட்ட பிறகு.

முந்தாநாள் காலையில் கார்டை அவள் டிபன் பையில் வைத்தேன். சொல்லவில்லை, சொன்னால் பெரிய தர்மம் செய்த மாதிரி இருக்கும். சாயங்காலம் வந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், “பின் நம்பர் மாத்திட்டேன்” என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “டியூ என்னிக்கு?” என்றாள். ஏழாம் தேதி என்றேன். “பாதி போடறேன். மீதி உன் வண்டி, நீ பாத்துக்க.”

அப்புறம்தான் தெரிகிறது, அவள் தங்கை நர்சிங் படிக்கிறாளே, அந்த ஃபீஸுக்கு நாலு மாதமாக லாட்ஜில் கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் கைமாற்று வாங்கியிருக்கிறாள். என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். “என் காசை உன்கிட்ட எப்படிடோ கேக்கிறது?”

எனக்குப் பதில் இல்லை.

அம்மா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார், வந்தாங்க, போனாங்க என்று அவளுக்குப் பாடம் வேறு நடக்கிறது. குரூப்பில் இன்னும் எடோதான்.

தேனிக்காரன்:

அதெல்லாம் சரி மாப்ள, கோடையில் பாதி டியூவுக்கு எங்கே போவாய்?

லோயர்கேம்ப்33:

அதைத்தான் நானும் யோசிக்கிறேன் அண்ணே. கொழுந்துக்கூடை தம்பி, ஏப்ரல், மே மாதம் மூணாறில் டூரிஸ்ட் ஜீப்புக்கு ஆள் எடுக்கிறார்களா? வெளியூர் வண்டியை விடுவார்களா, இல்லை அங்கே வந்து டிரைவராக மட்டும்தான் ஓட்ட முடியுமா? விசாரித்துச் சொல்.