கல்லடியில் வைத்து நிலா பார்க்க எந்தத் தொலைகாட்டி? உப்புக்காத்து, போயா நாள் பற்றியும் ஒரு கேள்வி

கேள்வி: கல்லடிக்கரை

வணக்கம். சின்ன வயசில இருந்தே நிலா, நட்சத்திரம் எண்டா எனக்குப் பைத்தியம். இவ்வளவு காலமும் 10×50 பைனாகுலரோட சமாளிச்சாச்சு, இனி நிலாவைக் கிட்டத்தில பார்க்க ஒரு தொலைகாட்டி வாங்கப் போறன். ஒன்லைனில ஒண்டு கண்டிருக்கன்: 127 மி.மீ. கண்ணாடி, 1000 மி.மீ. குவியத்தூரம், பாரக்கல்லு தொங்குற ஈக்குவற்றோரியல் ஸ்ராண்ட். 500 மடங்குக்கு மேல பெருப்பிக்கும் எண்டு பெட்டியில போட்டிருக்கு. வீடு மட்டக்களப்புக் கல்லடியில, கடலுக்குக் கிட்ட, மேல கொங்கிறீற் தட்டு இருக்கு. இந்தச் சாமானை நம்பி வாங்கலாமா? உப்புக்காத்துக்குக் கண்ணாடி தாங்குமா? போயா, அதாவது பூரணை அண்டைக்குத்தான் நிலா நல்லாத் தெரியுமா?

பதில் 1: வாவியோரம்

தம்பி, அந்த 127ஐ விடுங்க. படத்தில ரியூபின் நீளத்தைப் பாருங்க. 1000 மி.மீ. குவியத்தூரம் உள்ள, கண்ணாடியால வெளிச்சத்தைக் குவிக்கிற நியூட்டன் வகைக்கு ரியூப் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் வரவேணும். இது அரை மீற்றர்தான் இருக்கும். மிச்சத் தூரத்தை போக்கசர் எண்ட, கூர்மை பிடிக்கிற குழாய்க்குள்ள பூட்டின ஒரு சின்ன வில்லையால நீட்டியிருப்பாங்க. மலிவான வில்லை எண்டால் நிலாவின் ஓரம் ஒருக்காலும் கூராகாது. கண்ணாடிகளை நேர்ப்படுத்துற வேலையையும் அந்த வில்லை சிக்கலாக்கும். 500 மடங்கு எண்ட கதையையும் மறந்திடுங்க. குறுக்களவு ஒரு மி.மீ.க்கு இரண்டு மடங்கு எண்டதுதான் கணக்கு. 127க்கு 250 உச்சம், அதுவும் காத்து அசையாத இரவில.

வானம் சுத்துறதோட சேர்ந்து திரும்புற அந்த ஈக்குவற்றோரியல் ஸ்ராண்டும் நம்ம ஊருக்குச் சரிவராது. அதின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்கவேணும். மட்டக்களப்பு 7.7 பாகை வடக்கில இருக்கிறதால துருவ நட்சத்திரமும் அடிவானத்தில இருந்து அவ்வளவு உயரத்திலதான் நிற்கும். தென்னையும் மதிலும் புகாரும் அதை மறைச்சிடும். அச்சை அவ்வளவு சரிச்சு வைச்சால் பாரக்கல்லு முக்காலியின் காலில போய் இடிக்கும்.

நான் சொல்றது 150 மி.மீ. குறுக்களவு, 1200 மி.மீ. குவியத்தூரம் உள்ள டொப்சோனியன். மோட்டரும் இல்ல, அச்சு வைக்கிற வேலையும் இல்ல. கீழ பெட்டி, மேல ரியூப், கையால தள்ளித் திருப்புறதுதான். கண் வைச்சுப் பார்க்கிற பார்வைத்துண்டு 25 மி.மீ. போட்டால் 48 மடங்கு, முழு நிலாவும் உள்ளுக்க அடங்கும். 10 மி.மீ. போட்டால் 120. அதோட பெருப்பத்தை இரட்டிப்பாக்கிற பார்லோ வில்லை சேர்த்தால் 240, ஆனா நம்ம கரையில முக்கால்வாசி இரவுகளில அது கலங்கித்தான் தெரியும். 150 மடங்குக்கும் 200 மடங்குக்கும் இடையில நிண்டால் போதும். 120 மடங்கில ஒரு குழி பார்வையைக் கடந்து போக இரண்டு நிமிசமும் ஆகாது. அதுக்கு ஒருக்கா விரலால மெல்லத் தட்டிவிடப் பழகவேணும்.

ஒரு குறை இருக்கு. நிலா நேர் உச்சியில நிற்கும்போது டொப்சோனியனைப் பக்கவாட்டில திருப்புறது கஷ்டம். நம்ம அகலக்கோட்டில அரைநிலா பொழுது படுற நேரம் உச்சிக்குக் கிட்டத்தான் நிற்கும். ஒரு மணித்தியாலத்தில 15 பாகை சரியும், அது மட்டும் பொறுக்கவேணும்.

அப்பலோக்காரர் விட்டுவந்த சாமான் தெரியுமா எண்டு கேட்காத ஆளில்ல. 150 மி.மீ. கண்ணாடி நிலாவில ஒண்டரைக் கிலோமீற்றர் அளவைத்தான் பிரிச்சுக் காட்டும். அங்க கிடக்கிற இறங்குகலம் கால் விரிவோட சேர்த்தும் 10 மீற்றர் வராது.

பதில் 2: அரைநிலா

போயா கேள்விக்கு மட்டும் எழுதுறன். பூரணையில சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னால நிண்டு நிலாவுக்கு நேர அடிக்குது. நிழல் விழாது. நிழல் இல்லாட்டி குழியும் இல்ல, மலையும் இல்ல, எல்லாம் ஒரே வெள்ளை. டைக்கோ குழியில இருந்து புறப்படுற வெள்ளைக் கதிர்களைப் பார்க்க மட்டும் பூரணை நல்லம்.

பார்க்கவேண்டியது வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டை. அமாவாசைக்குப் பின் 5ஆம் நாளில தியோபிலஸ், சிரிலஸ், கத்தரினா எண்ட குழிகள் மூண்டும் ஒரே வரிசையில நிற்கும். தியோபிலஸ் பக்கத்துக் குழியின் சுவரை இடிச்சுக்கொண்டு உள்ளுக்க போயிருக்கிறதைப் பார்த்தாலே எது பிந்தி விழுந்தது எண்டு விளங்கும். 8ஆம் நாள் நேர்ச்சுவர், 110 கிலோமீற்றர் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. உண்மையில அது செங்குத்துச் சுவர் இல்ல, 300 மீற்றர் அளவு உயரமுள்ள சரிவு. சூரியன் தாழ நிற்கிறதால நிழல் அப்பிடிக் காட்டுது. தேய்பிறையில அதே கோடு வெள்ளையாத் தெரியும். 9ஆம் நாள் கொப்பேர்னிக்கஸ் குழி, 93 கிலோமீற்றர் அகலம், சுவர் படிபடியா இறங்கும்.

10ஆம் நாளை விட்டிடாதீங்க. சைனஸ் இரிடம் எண்ட குடாவின் தரை இன்னும் இருட்டில கிடக்க, அதைச் சுத்தி வளைஞ்ச யூரா மலையின் உச்சிகளில மட்டும் வெயில் படும். கறுப்புக்குள்ள ஒரு வெளிச்ச வளையம் தனியத் தொங்கும். ஒரு மணித்தியாலம் கண்ணை எடுக்காமல் பாருங்க. முதலில புள்ளி புள்ளியா இருந்தது பிறகு பொருந்திக்கொண்டு வரும். நிலாவின் நடுக்கோட்டில அந்த விடியல் மணிக்கு 15 கிலோமீற்றரில நகருது, சைக்கிளை ஆறுதலா மிதிக்கிற வேகம்.

பதில் 3: சாய்ந்தமருதுப் பிறை

நிலாவுக்கு இருட்டு வானம் தேவையில்ல, அதால உன்னிச்சைப் பக்கம் போய் யானைக்கு நடுவில நிற்கத் தேவையில்ல. வளவே போதும். அமாவாசைக்குப் பிறகு முதல் தெரியுற தலைப்பிறைக்கு மட்டும் இடம் பார்க்கவேணும். நமக்குக் கடல் கிழக்க, பிறை வாறது மேற்க. கடற்கரையில நிண்டால் ஊர்க் கூரையும் மரமும் மறைக்கும். வயல் பக்கம் போய் மேற்கு வெளியாத் தெரியுற ஒரு கட்டில நில்லுங்க.

சூரியனுக்கும் பிறைக்கும் இடையில 7 பாகைக்குக் குறைவெண்டால் கண்ணால கண்டுபிடிக்கிற கதையே இல்ல. பிறந்து 20 மணித்தியாலம் ஆகாத பிறையை வெறுங்கண்ணால பிடிக்கிறதும் பெரும்பாடு. நம்ம பக்கம் பிறை செங்குத்தாத்தான் கீழ இறங்கும், கொம்பு இரண்டும் மேல பார்த்தபடி இருக்கும். அதால பொழுது பட்ட இடத்துக்கு நேர மேல தேடுங்க. கூடினால் கொஞ்சம் இடம் வலம் தள்ளியிருக்கும். முதலில தூரத்து மரமொண்டில பைனாகுலரைக் கூர்மையாக்கி அப்படியே விட்டிடுங்க, வெறும் வானத்தில போக்கஸ் பிடிக்க ஏலாது.

ஒண்டைக் கட்டாயம் சொல்லவேணும். சூரியன் முழுசா மறையமுதல் பைனாகுலரோ தொலைகாட்டியோ அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. ஒரு நொடியில கண் போயிடும். பிள்ளைகள் பக்கத்தில நிண்டால் மூடியைக் கழற்றவே வேணாம்.

பதில் 4: உப்புவாடை

உப்பை விட ஈரம்தான் எதிரி. கண்ணாடியில பூஞ்சணம் பிடிச்சால் பூச்சையும் சேர்த்துத் தின்னும். பார்வைத்துண்டுகளை அவங்க தாற பஞ்சுப் பெட்டியில வைக்காதீங்க, பஞ்சு ஈரத்தை இழுத்து வைச்சிருக்கும். இறுக்கமா மூடுற பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளுக்க சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. அது 40க்கும் 50 வீதத்துக்கும் இடையில நிற்கவேணும். நீல ஜெல் ரோஸ் நிறமானால் 120 பாகையில இரண்டு மணித்தியாலம் அவனில (oven) வைச்சால் பழையபடி நீலமாகும்.

ஏசி அறையில தொலைகாட்டியை வைக்காதீங்க. 22 பாகைக் குளிரில கிடந்த கண்ணாடியை நம்ம வெளிக்காத்துக்குக் கொண்டுவந்தால் உடனே பனிச்சுப் போகும். துடைக்கப் போனால் கீறும். மூடியோட விறாந்தையில ஒரு மணித்தியாலம் விட்டிட்டுப் பிறகு திறக்கலாம்.

டொப்சோனியன் பெட்டி சிப்போர்ட்டில, அதாவது மரத்தூளை அழுத்தின பலகையில செய்றது. வெட்டின ஓரத்தால ஈரம் ஏறி ஊதும், பிறகு ஆணி பிடிக்காது. வாங்கின கிழமையே ஓரமெல்லாத்துக்கும் இரண்டு கோட் வார்னிஷ் அடிச்சிடுங்க. மேல்தட்டும் வேணாம். பகலில குடிச்ச சூட்டைக் கொங்கிறீற் இரவு ஒன்பது பத்து மணி வரைக்கும் விட்டுக்கொண்டே இருக்கும், நிலா தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி ஆடும். புல்லிலயோ மண்ணிலயோ வையுங்க. மேற்கால வாற கச்சான் காத்து அடிக்கிற நாளிலயும் ஆட்டம்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில பெட்டியைத் திறக்கிறதே அரிது. மாசி கடைசியில இருந்து நல்ல காலம்.

கல்லடிக்கரை

நன்றி அண்ணமார், காக்கா. அப்ப 150 டொப்சோனியன்தான். கண்ணாடியில உப்புப் படிஞ்சால் எப்பிடிக் கழுவுறது?

உப்புவாடை

வருசத்துக்கு ஒருக்காவுக்கு மேல கழுவாதீங்க. கொஞ்சத் தூசி படத்தைக் கெடுக்காது. கழுவத்தான் வேணும் எண்டால் கண்ணாடியைக் கழற்றமுதல் அதின் தாங்கியிலயும் ரியூபிலயும் பென்சிலால அடையாளம் போடுங்க, திரும்பப் பூட்டும்போது அதே பக்கம் வரவேணும். பேசினில பழந்துணி விரிச்சுக் கண்ணாடியை மேல்பார்க்க வைச்சு, நல்ல தண்ணி ஊத்தி, பாத்திரம் கழுவுற திரவம் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிசம் ஊறவிடுங்க. பிறகும் போகாட்டி புதுப் பஞ்சை அதின் சொந்தப் பாரத்தில மட்டும் ஒரு பக்கமா இழுத்து அந்தப் பஞ்சை எறிஞ்சிடுங்க. அழுத்தினீங்க எண்டால் பூச்சு கீறும்.

கடைசித் தண்ணி கிணத்துத் தண்ணியா இருக்கக்கூடாது. கரையோரக் கிணறு உவர், காய்ஞ்சால் வெள்ளைப் புள்ளி விழும். பற்றரிக் கடையில வடிச்ச தண்ணி ஒரு லீற்றர் வாங்குங்க. அதே கடையில அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில நிற்கும், லேபலை வாசிச்சு வாங்கவேணும். கழுவினதும் கண்ணாடியைச் செங்குத்தா சாத்திக் காயவிடுங்க. ஓரத்தில நிற்கிற துளியை ரிஷ்யூ நுனியால ஒத்தி எடுத்தால் போதும். பூட்டின பிறகு உயரத்தில நிற்கிற ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பிடிச்சுப் போக்கசைக் கலைச்சுப் பாருங்க. வட்டத்துக்கு நடுவில கறுப்புப் புள்ளி நிண்டால் கண்ணாடி நேரா இருக்கு. ஒரு பக்கம் ஒதுங்கினால் பின்னால உள்ள மூண்டு திருகாணியில ஒண்டைக் கால் சுத்துத் திருப்பி, நட்சத்திரத்தைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்து பார்க்கவேணும். எந்த ஆணி எந்தப் பக்கம் இழுக்குது எண்டு இரண்டு தரத்தில பிடிபடும்.