காஸ்ட்ரோபப்பில் ஞாயிறு மதிய உணவு: கொடுக்கும் விலைக்குத் தகுமா?

குரோய்டன்வாசி கேட்டது:

வணக்கம். தென் லண்டனில் பெயர்பெற்ற ஒரு காஸ்ட்ரோபப்பில் (உணவகத் தரத்தில் சமைத்துத் தரும் மதுக்கூடத்தில்) அலுவலக நண்பர்கள் இருவருடன் ஞாயிறு மதியம் உண்டேன். கோழி ரோஸ்டும் உருளைக்கிழங்கும் நன்றாகவே இருந்தன. மாவுக்கரைசலைச் சுட்டு ரோஸ்டுடன் தரும் யார்க்ஷயர் புடிங் மட்டும் ஆறிப்போய்த் தோல்போல் இழுபட்டது. தட்டு ஒன்றுக்கு இருபத்தைந்து பவுண்டுக்கு மேல் ஆயிற்று, அதன்மேல் 12.5 விழுக்காடு சேவைக் கட்டணமும் கேட்காமலேயே சேர்க்கப்பட்டிருந்தது. நண்பர்களில் ஒருவர், ஆங்கிலேயச் சமையலுக்கு மானத்தை மீட்டுத் தந்தவை இத்தகைய பப்கள்தாம் என்கிறார். மற்றவரோ, உணவகத்துக்குப் பப் வேடம் போட்டுப் பணம் பறிக்கிறார்கள் என்கிறார். இங்கு நெடுநாள் வாழ்பவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

வடகரையான்:

முதல் நண்பரின் பக்கமே நான். 1989இல் வந்த அரசாணை, 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த பெரிய பீர் நிறுவனங்களின் பிடியைத் தளர்த்தியதால், சிறு முதலீடு உள்ளவர்களுக்கும் பப்கள் குத்தகைக்குக் கிடைக்கத் தொடங்கின. மைக்கேல் பெல்பனும் டேவிட் அயரும் 1991இல் லண்டன் ஃபாரிங்டன் சாலையில் ஈகிள் பப்பை எடுத்து நடத்தத் தொடங்கியது அந்தச் சூழலில்தான். மதுமேடைக்குப் பின்னாலேயே அடுப்பை வைத்து, அன்றைய உணவைக் கரும்பலகையில் எழுதி, ஒன்றோடொன்று பொருந்தாத பழைய மேசை நாற்காலிகளில் பரிமாறினார்கள். அதற்கு முன் பல பப்களில் உணவு என்றால் பொட்டல வறுவலும், காடியில் ஊறிய முட்டையும், உறைநிலையில் வந்து சூடாக்கப்பட்ட ‘பை’ (pie) என்னும் மாவுப் பண்டமும்தான். சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிச்லின் கையேட்டின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், மார்லோ ஊரின் ஹேண்ட் அண்ட் ஃப்ளவர்ஸ் இரண்டு நட்சத்திரம் பெற்ற முதல் பப் ஆயிற்று. இந்த இருபது ஆண்டு மாற்றத்தை வெறும் வேடம் என்று தள்ளிவிட முடியாது.

பழைய_பைன்ட்:

ஐயா, நீங்கள் காட்டும் ஈகிளே என் கட்சிக்குச் சாட்சி. அங்கே மதுமேடைக்குச் சென்று நாமே சொல்லி வாங்கினோம். குடிக்க மட்டும் வந்தவருக்கும் உண்ண வந்தவருக்கும் ஒரே இடம்தான். பின்னால் வந்தவர்கள் கரும்பலகையையும் பழைய நாற்காலியையும் எடுத்துக்கொண்டு, அந்தச் சமத்துவத்தை விட்டுவிட்டார்கள். இப்போது எங்கள் தெருமுனைப் பப்பில் ஒவ்வொரு மேசையிலும் முன்பதிவுச் சீட்டு இருக்கிறது; முப்பது ஆண்டுகளாக மாலையில் ஒரு பைன்ட் பீருடன் டாமினோ ஆடிவந்த முதியவர்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் நின்று குடிக்கிறார்கள். உணவாவது ஊருக்கு ஊர் மாறுகிறதா என்றால் அதுவும் இல்லை: எங்கு சென்றாலும் பன்றி வயிற்றிறைச்சி, மும்முறை பொரித்த சிப்ஸ், ஸ்டிக்கி டாஃபி புடிங். பீரின் கதி இன்னும் மோசம். ஏல் என்னும் பீர் வகையைப் பீப்பாய் திறந்த சில நாட்களுக்குள் விற்றுத் தீர்க்காவிட்டால் அது புளித்துவிடும். வருபவர்கள் எல்லாரும் ஒயின் கேட்கும் இடத்தில் அது எப்படித் தீரும்?

அடுக்களைப்_பக்கம்:

இத்தகைய பப் ஒன்றின் சமையலறையில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கேள்வி கேட்டவரின் புடிங் ஏன் கெட்டது என்பதே நல்ல சோதனை. மாவுக்கரைசலைப் புகையும் அளவுக்குக் காய்ந்த கொழுப்பில் ஊற்றினால்தான் அது உப்பும். உப்பியதும் உடனே தட்டுக்குப் போக வேண்டும். விளக்குச் சூட்டில் வைத்திருந்தால் முதலில் தளர்ந்து, பிறகு தோலாகிவிடும். அக்கறையுள்ள இடத்தில் மதியம் முழுவதும் சிறுசிறு தடவைகளாகச் சுடுவார்கள். எனவே பன்னிரண்டரை மணிக்குச் செல்லுங்கள். நான்கரை மணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் காலையில் வெந்து கிரேவியில் சூடேறிய இறைச்சியே.

விலையைப் பற்றி ஒரு சொல். பட்டியலில் காணும் விலைக்குள் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறது. வாடகை, எரிவாயு, கூலி எல்லாம் மிஞ்சியதில்தான். டாமினோ முதியவர்களின் ஒரு பைன்ட்டால் மட்டும் பல பப்கள் பிழைக்கவில்லை என்பதையும் நண்பர் எண்ணிப் பார்க்கட்டும். சேவைக் கட்டணம் விருப்பத்துக்குரியது என்று ரசீதில் இருந்தால் நீக்கச் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஆனால் அக்டோபர் 2024 முதல் அந்தப் பணம் முழுவதையும் ஊழியருக்கே தர வேண்டும் என்பது சட்டம்.

சைவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: ரோஸ்ட் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வறுப்பது வழக்கம், காய்கறித் தட்டுக்கும் இறைச்சிச் சாற்றுக் கிரேவியே வரக்கூடும்.

பழைய_பைன்ட்:

வரிக் கணக்கை ஏற்கிறேன். உணவு விற்காவிட்டால் கதவு சாத்தப்படும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் மதுமேடையை ஒட்டி ஆறு முக்காலிகளை முன்பதிவுக்கு வெளியே விட்டுவைக்க எந்த வரியும் தடையில்லையே. குரோய்டன்வாசி, அடுத்த முறை உள்ளே நுழைந்ததும் மேசை கேட்காமல் ஒரு பைன்ட் மட்டும் கேட்டுப் பாருங்கள். அதற்கு நிற்க இடம் தந்து, ஏலும் புளிக்காமல் இருந்தால், இருபத்தைந்து பவுண்டு ரோஸ்டைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்.