சுண்டெலிக் கதையில் ராட்சதப் பாம்பைவிட ஒரு மீனுக்கு ஏன் இத்தனை பயம்?

கதைசொல்லி அம்மா:

எட்டு வயது மகளுக்கு ராத்திரி தூங்கும் முன் ரெட்வால் வரிசைப் புத்தகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். வாசிப்பது என்று சொல்ல முடியாது, ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்த தமிழில் சொல்வதுதான். தெரியாதவர்களுக்காக: பிரையன் ஜேக்ஸ் எழுதியது, முதல் புத்தகம் 1986இல், மொத்தம் 22. சுண்டெலி, நீர்நாய், முள்ளெலி, அகழெலி எல்லாம் ஒரு மடத்தில் கூடி வாழும், அங்கி போடும், வாள் பிடிக்கும், எந்நேரமும் சாப்பிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். 1992இல் வந்த சாலமாண்டஸ்ட்ரனில் ஒரு பெரிய ஏரி வரும், அதற்குள் டீப்காய்லர் என்று ராட்சதப் பாம்பு மாதிரி ஒரு ஜந்து. நான் குரலை மாற்றி, கையை வளைத்து வளைத்துக் காட்டி, என்னென்னவோ செய்தேன். அவள் கொட்டாவி விட்டாள். “அது தினமும் என்னம்மா சாப்பிடும்?” என்றாள். எனக்குத் தெரியவில்லை, “கிடைச்சதை” என்றேன். தூங்கிவிட்டாள்.

அடுத்தது மாஸ்ஃப்ளவர், 1988. அதில் கோட்டைக்கு அடியில் இருக்கும் ஏரியில் எதிரிகள் க்ளூமர் என்ற பெரிய நீரெலியை வைத்திருப்பார்கள், அதைத் தீர்த்துக்கட்ட நீர்நாய்கள் ஸ்டார்ம்ஃபின் என்ற பைக் மீனை உள்ளே விடும். கவனியுங்கள், மீன் நம்ம கட்சி! முதலில் “பைக்கா? மோட்டார் பைக்கா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சரி, எப்படி இருக்கும் என்று தெரியட்டுமே என்று போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினேன், அதோடு போர்வைக்குள் போனவள்தான், லைட்டை அணைக்க விடவில்லை. மறுநாள் காலையில் குளிக்கப் போனபோது வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொம்பை விட்டாள்.

ஊர் பேர் தெரியாத அத்தனை பெரிய பூதத்துக்கு வராத பயம் ஒரு சாதாரண மீனுக்கு ஏன் வருகிறது? சும்மா கேட்கவில்லை, அவளுக்காக ஓர் அணில் கதை நானே கட்டிக்கொண்டிருக்கிறேன், அதில் ஒரு குளம் வருகிறது, குளத்துக்குள் யாரைப் போடுவது என்று தெரியாமல் இரண்டு வாரமாக அணில் கரையிலேயே நிற்கிறது.

தூண்டில்காரன்:

மேடம், அது சாதாரண மீன் இல்லை. ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா பக்கத்துக் குளிர்ந்த ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் இருப்பது. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் விரால் செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது. விராலுக்குத் தவளை கோர்த்துப் போட்டவர்களுக்குப் புரியும்: தாமரை இலைகளுக்கு நடுவில் கையகலத் தண்ணீர், அதில் ஒன்றுமே இல்லை, நீங்கள் சத்தியம் செய்வீர்கள் ஒன்றுமே இல்லை என்று, தவளை விழுந்த மறுநொடி ‘டபக்’, அப்புறம் வட்டம் வட்டமாக அலைதான் மிச்சம்.

பைக்கும் அப்படித்தான், துரத்தாது, பாசிக்குள் கட்டை மாதிரி கிடக்கும். பச்சை உடம்பில் வெளிறிய புள்ளிகள் இருப்பதால் பாசியில் வெயில் விழுந்த மாதிரியே இருக்கும். மூஞ்சி வாத்து அலகு மாதிரி தட்டை. வாய்க்குள் மேலண்ணத்திலும் வரிசை வரிசையாகப் பல், எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. உள்ளே போனது திரும்ப முடியாது. வாத்துக் குஞ்சையும் நீரெலியையும் நிஜமாகவே பிடித்துத் தின்னும்.

இப்போது கணக்கு போடுங்கள். அந்த ஊர்க் காட்டுச் சுண்டெலிக்கு வாலை விட்டுவிட்டால் சுமார் 9 செ.மீ. உடம்பு. பைக் 90 செ.மீ. என்றால்கூடப் பத்து மடங்கு, ஒரு மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. நம்ம உயரத்துக்குப் பதினாறரை மீட்டர் மீன், கிட்டத்தட்ட ஒன்றரை டவுன் பஸ் நீளம். எலிக் கதை எழுதுகிறவன் தண்ணீருக்குள் பூதத்தைக் கற்பனை செய்யவே வேண்டாம், ஏற்கெனவே இருப்பதை எலியின் கண்ணால் பார்த்தால் போதும். உங்கள் மகள் கேட்ட “தினமும் என்ன சாப்பிடும்” என்ற கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பைக் என்ன சாப்பிடும் என்று படத்தைப் பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரெட்வாலில் அளவுக் கணக்கு எங்கே நிற்கிறது? முதல் புத்தகத்தில் வில்லன் எலி குளூனி குதிரை பூட்டிய வைக்கோல் வண்டியில் வந்து இறங்குகிறான், நிஜக் குதிரை. அதே உலகத்தில் நிஜத்தில் சுண்டெலியைவிடப் பல மடங்கு பெரிய மிருகமான பேட்ஜரும் சுண்டெலியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. நிஜத்தில் நீர்நாய் பைக்கையே பிடித்துத் தின்கிற ஆள்.

மடப்பள்ளி:

அளவு மட்டும் என்றால் டீப்காய்லர்தானே ஜெயித்திருக்க வேண்டும்? அது பைக்கைவிடப் பல மடங்கு பெரிசு. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்தக் கதைகளில் யார் பேசுகிறார்கள், யாரைச் சமைக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் புத்தகத்திலேயே மடாதிபதியின் பொன்விழா விருந்துக்குக் கதாநாயகச் சுண்டெலி மத்தையாஸ் குளத்தில் ஒரு கிரேலிங் மீன் பிடிப்பான், ஊரே கொண்டாடும். நீர்நாய்களுக்கு இறால் சூப் இல்லாமல் சாப்பாடே இறங்காது. எலியும் முயலும் மூஞ்சூறும் பேசும், மீனும் இறாலும் பேசாது, அவை சட்டிக்குப் போகிறவை. யாருக்கும் அதில் உறுத்தல் இல்லை.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மீன் பெரிதாகி வாயைத் திறந்தால் எப்படி இருக்கும்? பந்தியில் இலையில் கிடப்பது எழுந்து பரிமாறுகிறவன் கையைக் கடித்த மாதிரி. வில்லன் பூனையிடம் கெஞ்சலாம், பொய் சொல்லலாம், பேச்சுக் கொடுத்து இழுத்தடிக்கலாம். பைக்கிடம் என்ன பேசுவீர்கள்? டீப்காய்லரும் பேசாதுதான், ஆனால் அது அந்த உலகத்தின் எந்தச் சட்டியிலும் சேராத ஜந்து, கதையின் நடுவில் யாரோ வெளியிலிருந்து தூக்கிப் போட்ட மாதிரி இருக்கும். அதைக் கதாநாயகன்கூடக் கொல்வதில்லை, மடத்தின் பழைய வீரன் மார்ட்டினின் வாள் அந்த நேரம் ஒரு நரியிடம் இருக்கிறது, நரியை விழுங்கப் போய் வாள் வாயில் ஏறிச் சாகிறது. கதாசிரியருக்கே அதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

இன்னொன்று, மாஸ்ஃப்ளவரில் என்னைப் பயமுறுத்தியது மீனும் இல்லை, எலியும் இல்லை. காட்டுப்பூனை ராணி சார்மினாவுக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். கோட்டைக்குள் எங்கோ சொட்டுகிற சத்தம் அவளைப் படுத்துகிற பாடு! கடைசியில் ஆற்றைத் திருப்பிவிட்டுக் கோட்டையையே மூழ்கடிப்பார்கள், அவள் அந்தத் தண்ணீரிலேயே போய்ச் சேருவாள்.

சலசலப்பு:

பேசாததால்தான் பயம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரெட்வாலிலேயே அஸ்மோடியஸ் பாம்பு பேசும், தன் பெயரையே இழுத்து இழுத்துச் சீறும், அதற்கு நடுங்காத பிள்ளை இல்லை. அது தரைப் பாம்பு, தண்ணீர்க் கணக்கில் வராது என்பீர்கள். சரி, தண்ணீருக்கே வருவோம்.

கிப்ளிங்கின் இரண்டாம் ஜங்கிள் புக், 1895. அதில் மௌக்ளி இல்லாத ஒரு கதை, மக்கர்-காட் என்ற ஆற்றுத்துறையில் ஒரு கிழ முதலை. துறைக்குப் பக்கத்தில் ரயில் பாலம். ஒரு பெரிய நாரையும் ஒரு குள்ளநரியும் மணல் திட்டில் உட்கார்ந்து முதலைக்கு ஜால்ரா போடும், முதலை ஊர்ப் பெரியவர் மாதிரி நிதானமாகப் பழைய கதை பேசும். அந்தக் கிராமத்துக்கு அது ஒரு குட்டித் தெய்வம். 1857 கலகத்தின்போது ஆற்றில் பிணங்கள் மிதந்து வந்ததையும், அவற்றின் பின்னாலேயே தான் போய்க் கொழுத்ததையும், அறுவடை நல்ல வருஷம் என்று விவசாயி சொல்கிற தொனியில் சொல்லும். ஒரு படகின் ஓரத்தில் வெள்ளைக்காரக் குழந்தை தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டு போகிறது, முதலை பாய்ந்து கவ்வுகிறது, கை அத்தனை சின்னது என்பதால் பல்லிடுக்கில் நழுவிவிடுகிறது. அதை ஒரு சின்ன வருத்தமாகச் சொல்கிறது பாருங்கள், அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் குழந்தைதான் வளர்ந்து பாலம் கட்டிய இன்ஜினீயர், கடைசியில் சுடுவதும் அவன்தான்.

கிப்ளிங்கின் அரசியல் எனக்கு ஆகாது, அது வேறு பஞ்சாயத்து. ஆனால் பேசுகிற நீர் மிருகம் பயமாக இருக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். பசியைப் பற்றி மரியாதையாகப் பேசுகிறதே, அதுதான் பயம்.

கதைசொல்லி அம்மா:

சலசலப்பு சார், அந்தக் கதையை இப்போது அவளிடம் சொன்னால் வாளியை விடுங்கள், சொம்புக்குள்ளும் எட்டிப் பார்ப்பாள். கொஞ்சம் இறங்கி வாருங்கள், என் கதாநாயகன் ஓர் அணில், வயது ஒன்றரை.

தூண்டில்காரன்:

சின்னப் பிள்ளைக்கு என்றால் பியாட்ரிக்ஸ் பாட்டரின் ஜெரமி ஃபிஷர் தவளைதான் சரியான அளவு. 1893 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் டே ஆற்றங்கரையில் தங்கியிருந்தபோது ஒரு சின்னப் பையனுக்குப் படம் போட்டு எழுதிய கடிதத்தில் பிறந்த கதை, புத்தகமானது 1906இல். தவளை மழைக்கோட்டு போட்டு, அல்லி இலைப் படகில் உட்கார்ந்து, தூண்டில் போடும். பிடிக்க வந்தவனையே ஒரு ட்ரவுட் மீன் வந்து விழுங்கிவிடும்! ஆனால் மழைக்கோட்டின் ருசி பிடிக்காமல் துப்பிவிடும், வயிற்றுக்குள் போனது காலில் போட்டிருந்த ரப்பர் செருப்பு மட்டும். மீன் ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதன் பிறகு அந்தத் தவளை மீன் பிடிக்கவே போவதில்லை. பைக்கும் வேண்டாம், பூதமும் வேண்டாம்.

அரசமர நிழல்:

தாமதமாக வருகிறேன். இவ்வளவு தூரம் இங்கிலாந்துக்கே போய்விட்டீர்கள், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் இருபதாவது கதையை யாரும் சொல்லவில்லையே. நளபான ஜாதகம், நாணல் வழியாகக் குடித்த கதை. போதிசத்துவர், அதாவது புத்தராகப் பிறக்கப் போகிறவர், அதில் குரங்கு ராஜா, கூட எண்பதாயிரம் குரங்குகள். தெரியாத இடத்தில் என்னைக் கேட்காமல் பழம் தின்னாதே, தண்ணீர் குடிக்காதே என்று உத்தரவு. ஒரு நாள் நடந்து களைத்து ஒரு குளத்தங்கரைக்கு வருகின்றன, தாகம் உயிர் போகிறது, இருந்தும் ஒருவரும் இறங்காமல் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ராஜா வந்து குளத்தைச் சுற்றி நடந்து தரையைப் பார்க்கிறார். இறங்கின காலடித் தடங்கள் இருக்கின்றன. ஏறின தடம் ஒன்றுகூட இல்லை.

எனக்கு இதைவிட நல்ல நீர்ப் பூதம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை, அதுவும் பூதம் வெளியே வருவதற்கு முன்னாலேயே. அப்புறம் வருகிறது, நீல வயிறு, வெள்ளை முகம், சிவந்த கை கால், ஏன் இறங்கவில்லை என்று கேட்கிறது. நேர்மையான கேள்விதான், ஏனென்றால் அது பிடிக்க முடிவது தண்ணீருக்குள் இறங்கினவர்களை மட்டும். ராஜா ஒரு நாணலை வாங்கி ஊதுகிறார், கணு எல்லாம் உடைந்து உள்ளே குழாயாகிவிடுகிறது. அந்தக் குளத்தைச் சுற்றி முளைத்த நாணல் எல்லாமே கணு இல்லாமல் ஆகிவிட்டது என்று கதை. எண்பதாயிரமும் கரையில் உட்கார்ந்தபடியே உறிஞ்சிக் குடித்துவிட்டுப் போகின்றன. யாரும் யாரையும் கொல்லவில்லை. பூதம் வெறும் வயிற்றோடு உள்ளே போகிறது.

பேசுமா பேசாதா, பெரிசா சின்னதா என்பதை விடுங்கள். நீங்கள் மீனையே காட்ட வேண்டாம் அம்மா, தடத்தை மட்டும் காட்டுங்கள்.

மடப்பள்ளி:

அரசமர நிழல் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஜேக்ஸ் முதலில் ரெட்வாலை எழுதியது லிவர்பூலில் ராயல் வேவர்ட்ரீ பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளுக்காக, அங்கே பால் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில். அதனால்தான் அவர் எழுத்தில் சாப்பாட்டு வாசனையும் சத்தமும் அவ்வளவு. நீங்களும் படம் காட்டாமல் சத்தத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

கதைசொல்லி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சொல்லிப் பார்த்தேன். மீன் இல்லை, பாம்பு இல்லை. அணில் குளத்தங்கரைக்கு வருகிறது, ஈர மண்ணில் தவளைத் தடம், கோழித் தடம், ஓர் எலித் தடம், எல்லாம் உள்ளே போகின்றன. நாணலுக்குப் பதில் பப்பாளித் தண்டு வைத்துக்கொண்டேன், எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது, அவளே ஊதி விளையாடுவாள். அணில் கரையில் குந்தியபடி தண்டை விட்டு உறிஞ்சியது, வயிறு நிறைந்தது, கதை முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, “அம்மா, அந்தப் பக்கத்துலேர்ந்து யாராவது ஊதினா?” என்றாள்.

லைட் காலை வரைக்கும் எரிந்தது.