உருண்டையின் நடு சாகுமா, சாகாதா?

குளக்கோட்டன்:
மூட்டுவலி இழையில் உப்புவெளியான் இப்படி எழுதியிருக்கிறார்: "ஸ்டெம் செல்லை, அதாவது வேறு திசுக்களாக மாறக்கூடிய மூலக் கலத்தை, தட்டையாக இல்லாமல் முப்பரிமாணத்தில் வளர்ப்பதெல்லாம் விளம்பரம். உருண்டையாகச் சேர்த்தால் நடுவில் உள்ள கலம் செத்துவிடும்." வாசிக்கவே எரிச்சலாக இருக்கிறது. 2010 இல் அமெரிக்காவில் புரொக்கொப் என்பவரின் ஆய்வுக் குழு மனித என்புமச்சை ஸ்டெம் செல்களை, மூடியில் தலைகீழாகத் தொங்கும் திரவத் துளிகளில் உருண்டையாக்கியது. அழற்சியைத் தணிக்கும் டிஎஸ்ஜி-6 புரதத்தை அவை தட்டில் வளர்ந்தவற்றைவிடப் பல மடங்கு சுரந்தன. செத்த கலமா சுரந்தது?

உப்புவெளியான்:
நடு சாகும் என்றேன். எல்லாம் சாகும் என்று எங்கே சொன்னேன்? உருண்டைக்குள் இரத்தக்குழாய் இல்லை. ஒட்சிசன் ஏறக்குறைய 200 மைக்ரோமீற்றர்தான் உள்ளே போகும். அப்புறம், 2015 இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ஹோலோக்ளார் என்ற கருவிழிச் சிகிச்சைக்கு ஸ்டெம் செல்லைத் தட்டையான தாளாகத்தான் வளர்க்கிறார்கள். அது வேலை செய்யவில்லையா?

குளக்கோட்டன்:
கருவிழியின் மேற்பரப்பே தாள் மாதிரிதான். மூட்டின் குருத்தெலும்பு அப்படியா? துளியில் விடும் கலங்களைக் குறைத்தால் உருண்டையும் சிறுக்கும், நடுவுக்கும் ஒட்சிசன் போகும். தட்டில் வளரும் கலம் பரந்து பெருத்துவிடும். இரத்த நாளத்தில் ஏற்றினால் பெரும்பங்கு நுரையீரலில் சிக்கிவிடும். உருண்டையைப் பிரித்தெடுத்த கலம் சிறியது. சுண்டெலிகளில் அது கூடுதலாக நுரையீரலைக் கடந்ததை அதே குழு காட்டியது. 2006 இல் எங்லர் குழு, கலம் ஒட்டியிருக்கும் ஜெல் பரப்பின் விறைப்பே அது எந்தத் திசுவாகும் என்பதைத் திருப்பும் என்று காட்டியது. பிளாஸ்டிக் தட்டோ கல்லுப்போல விறைப்பு.

உப்புவெளியான்:
எங்லர் பாவித்த ஜெல்லும் தட்டையானதுதான், ஐயா! அதை ஏன் சொல்லவில்லை? நடு சாகும்.

கிண்ணியாப் பாலம்:
குளக்கோட்டன் ஐயா, முப்பரிமாண வளர்ப்புக்குப் பாவிக்கும் மெட்ரிஜெல் எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுப்பதுதானே? அதை மனுசனுக்குள் போடலாமா?

குளக்கோட்டன்:
நானா, அது வேறு கதை. 2009 இல் சாடோவும் க்ளெவர்ஸும் ஒற்றைக் கலத்திலிருந்து எலியின் குடல் போன்ற அமைப்பை வளர்த்தபோது பாவித்தது அது. தொங்கும் துளிக்கு ஜெல்லே தேவையில்லை.

கிண்ணியாப் பாலம்:
எல்லாருக்கும் தொங்கும் துளியா? ஆயிரம் நோயாளிக்கு எத்தனை துளி விடுவீர்கள்? கேட்டதற்குப் பதில் வரவில்லை.

உப்புவெளியான்:
வராது, நானா. கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் முழங்கால் வலி போகும் என்று எழுதியவரும் இவர்தான்.

குளக்கோட்டன்:
வெந்நீர் வலிக்கு இதமாக இருக்கும் என்றுதான் எழுதினேன்! அந்த இழையிலும் அரைகுறையாக வாசித்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர் நீங்கள். பெருந்தொகையாக வளர்க்கக் கலக்கும் பாத்திரங்கள் இருக்கின்றன, நானா. உருண்டைகள் அதில் மிதந்தபடியே வளரும்.

உப்புவெளியான்:
கலக்கினால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்கும். பெருத்தால் நடு சாகும்.

குளக்கோட்டன்:
கலக்கும் வேகத்தைக் கூட்டினால் ஒட்டாது.

உப்புவெளியான்:
வேகத்தைக் கூட்டினால் உராய்வில் வெளிக்கலம் சாகும். இப்போது நடுவும் இல்லை, வெளியும் இல்லை.

கிண்ணியாப் பாலம்:
என் கேள்வி மனுசனுக்குள் போடலாமா என்பது. இரண்டு பேரும் பாத்திரத்தைக் கலக்கிக்கொண்டு நிற்கிறீர்கள்.